சட்டப்படி எங்கள் புறா

நான் கண்ணாடி பொருத்துகிறவன். கடை முகப்பு, ஜன்னல், அலுவலகத் தடுப்பு, எது வேண்டுமானாலும் போடுவேன். ஒருத்தன் நல்ல கண்ணாடிக்காரனா என்று பார்க்க ஒரே வழிதான். அவன் வேலையை முடித்துவிட்டுப் போன இடத்தில் கண்ணாடி இருப்பதே தெரியக் கூடாது. நான் நல்ல கண்ணாடிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. கண்ணுக்கே தெரியாத வேலையை யார் பாராட்டுவார்கள்?

அன்றைக்கு ஒரு மெத்தைக் கடைக்கு முகப்புக் கண்ணாடி போட்டோம். துடைத்து முடித்து, எதிர்ப்பக்கம் போய் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம், ஈரத்துணியைச் சுவரில் அடித்த மாதிரி. எவனோ எதையோ எறிந்துவிட்டான் என்று கோபம் தலைக்கேற ரோட்டைக் கடந்து ஓடினேன். திட்ட வேண்டியதையெல்லாம் நாக்கில் தயாராக வைத்திருந்தேன். கண்ணாடியைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை.

கண்ணாடியில் ஒரு புறா பதிந்திருந்தது. வெள்ளைத் தூளில், இரண்டு சிறகும் முழுதாக விரிந்த அச்சு. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, நடுத்தண்டுகூட விடாமல் விழுந்திருந்தது. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தது. கடைசி நொடியில் அதற்குத் தெரிந்திருக்கிறது. புறாவின் உடம்பெல்லாம் மாவு போல ஒரு தூள் உண்டு, வேகமாக மோதினால் இப்படிப் பதியும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமாகக் கண்ணாடியோடு மாரடிக்கிறேன், அதற்கு இப்படி ஒரு காரியம் செய்யத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கையில் துணி இருந்தது, துடைக்க மனசு வரவில்லை.

கீழே நடைபாதையில் அந்தப் புறா உட்கார்ந்திருந்தது. இடது சிறகு தரையில் தொங்கியது. கண் செங்கல் நிறத்தில் இருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது, அதில் பயமே இல்லை. ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நிதானமாக இருந்தது.

"செத்துட்டா அந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டு இந்தக் கறையத் துடைங்க, நாளைக்குக் கடை திறப்பு," என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"அது கறை இல்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நான் ஒன்றும் ஜீவகாருண்யன் இல்லை. வீட்டில் மீன் தொட்டி வைக்கவே ஒத்துக்கொள்ளாதவன். தொட்டியை நானே செய்து தந்துவிடலாம், உள்ளே நீந்துகிறதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு என் மனைவியின் ஆசையில் மண்ணள்ளிப் போட்டவன். அந்த நான்தான் பசை டியூப் வந்த அட்டைப்பெட்டியில் பழைய பனியனை மெத்தையாகப் போட்டு, புறாவை அதில் வைத்து, வேலை நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் சின்னப் பெண். சிறகை விரித்துப் பார்த்தார், தடவினார், உதட்டைப் பிதுக்கினார். "மூட்டுகிட்ட உடைஞ்சிருக்கு. கட்டுப் போடுறேன், எலும்பு கூடிடும். ஆனா இனிமே பறக்காது. மத்தபடி நல்லா இருக்கும், ரொம்ப நாள் இருக்கும்."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். அங்கே அடித்து அடித்துச் சட்டம் அவள் நாக்கில் குடியேறிவிட்டது. சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னால், "அது உங்க தரப்பு வாதம்," என்பாள். நான் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவது. பெட்டியைத் திறந்து காட்டினேன். முகத்தில் சந்தோஷம் பளிச்சென்று வந்தது, உடனே அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல. புறா."

"யாரோடதும் இல்லாத பொருள் ஒண்ணு ரெண்டுதாங்க உலகத்துல. அதுக்கும் தனியாச் சட்டம் இருக்கு." குனிந்து பார்த்தாள். "கால்ல என்ன?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வலது காலில், இறகுக்கு அடியில், ஒரு சின்ன உலோக வளையம். அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தது.

மறுநாள் அவளே வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். காட்டுப் பறவையாக இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாதாம், குணமானதும் விட்டுவிட வேண்டுமாம். தெருவில் திரிகிற சாதாப் புறா என்றால் கேட்பார் இல்லை, வைத்துக்கொள்ளலாம். வளையம் போட்டது என்றால் அது பந்தயப் புறா, ஒருத்தருடைய சொத்து.

"நீங்க வெறும் கண்டெடுத்தவர்தான். சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லாம வச்சுக்கிட்டா, அது ஏறக்குறையத் திருட்டுன்னு சார் சொல்றார்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நடைபாதையில் கிடந்ததை எடுத்து, மருந்து போட்டு, ஒவ்வொரு பட்டாணியாக ஊட்டுகிற நான் திருடனா? உன் சாரை வந்து ஊட்டச் சொல் என்றேன். சொல்லிக்கொண்டே புறாவைப் பார்த்தேன். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கோழி மாதிரி ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கவில்லை. மூக்கை உள்ளே விட்டு, ஒரே மூச்சாக, மாடு குடிப்பது போல உறிஞ்சிக் குடித்தது. இதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம் வந்தது. ஒரே நாளில் எனக்கு அது வேண்டியதாகிவிட்டது.

பந்தயப் புறாச் சங்கத்தில் வளைய எண்ணைச் சொன்னதும் ஆள் யாரென்று சொல்லிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய சந்தைப் பகுதியில் கறிக்கடை வைத்திருப்பவர். வக்கீல் ஆபீசிலிருந்தே கூப்பிட்டோம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள் என் மனைவி. நான், அவள், வக்கீல் மூன்று பேரும் குனிந்துகொண்டு கேட்டோம். பின்னால் கத்தி கட்டையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விஷயத்தைச் சொன்னோம். கறிக்கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பறக்குமா?"

"பறக்காதுன்னு டாக்டர் சொல்றாங்க," என்றேன்.

"அப்ப கழுத்தத் திருகிடுங்க."

கத்திச் சத்தம் நின்றது.

"தப்பா நினைக்காதீங்க சார். நான் தினமும் பண்ற வேலைதான். பறக்காத பந்தயப் புறாவ வச்சு என்ன பண்றது? அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என் தொடையை அழுத்தினாள். "அண்ணே, அப்படின்னா உங்களுக்கு அது வேண்டாம். சரிதானே?"

"வேண்டாம்மா. வச்சுக்கோங்க, திருகுங்க, உங்க இஷ்டம்."

"அதை இன்னொரு தடவ தெளிவாச் சொல்லிடுங்க அண்ணே. எங்க வக்கீல் சாரும் கேட்டுட்டு இருக்கார்."

"எனக்கு அந்தப் புறா வேண்டாம். அது இனி உங்களோடது. போதுமா?" கத்தி மறுபடி கட்டையில் விழுந்தது.

வக்கீல் தலையாட்டினார். "கைவிட்டாச்சு. இனி சட்டப்படி உங்க புறா."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது. சொந்த வீடு வாங்கினவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். என் மனைவி அதற்கு வழக்கு என்று பேர் வைத்தாள். "வழக்கு சாப்பிட்டுச்சா?" "வழக்கு தூங்குது, டிவியக் குறைங்க." வக்கீலுக்கே இது தெரியாது.

வழக்குக்கு நான் ஒரு வீடு கட்டினேன். கம்பி வலை எனக்குப் பிடிக்காது. கண்ணாடிக்காரன் வீட்டுப் புறா ஜெயிலில் இருப்பதா? மிச்சத் துண்டுகளை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, நாலு பக்கமும் கண்ணாடியாக, மேலே மட்டும் காற்றுக்குச் சட்டம் விட்டு, பின்கட்டு அறையில் மேஜை அகலத்துக்கு ஒன்று செய்தேன். முன்பக்கக் கண்ணாடிப் பலகையை மட்டும் மேலே தூக்கி எடுத்துவிடலாம். வாரம் தவறாமல் துடைத்தேன். இரண்டடி தள்ளி நின்றால் புறா அறையின் நடுவில் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். வெயில் படும்போது அதன் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி ஓடும். எந்தக் கம்பெனிக் கண்ணாடியிலும் அந்தப் பச்சை வராது. வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும், சில நாள் அப்படியே இருந்தும் விட்டேன்.

அது ஒரே மூலையில்தான் நிற்கும். தின்னும், குடிக்கும், திரும்ப அந்த மூலைக்குப் போய் நெஞ்சைக் கண்ணாடியில் சாய்த்து நிற்கும். வெயிலுக்காக நிற்கிறது என்று நினைத்தேன். கண்ணாடி வீட்டைத் திருப்பி வைத்தேன். புறா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எதிர் மூலைக்குப் போனது. மறுபடி திருப்பினேன், மறுபடி மாறியது. வம்புக்கென்று ஜன்னலே இல்லாத சாமான் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், விளக்கை மட்டும் போட்டு வைத்தேன். அங்கேயும் அது கொஞ்சம் யோசித்தது, பிறகு சுவரைப் பார்த்து நின்றது. போனில் திசை காட்டும் கருவியைத் திறந்து பக்கத்தில் பிடித்தேன். பின்கட்டில் எந்தத் திசையோ, இங்கேயும் அதே திசை.

என் மனைவி போனை வாங்கி வரைபடத்தை விரித்தாள். எங்கள் வீட்டிலிருந்து அந்தத் திசையில் விரலை இழுத்தாள். விரல் தெருக்களைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய சந்தையில் போய் நின்றது.

"அது அவர் வீட்டப் பாக்குதுங்க," என்றாள் மெதுவாக.

ஒரு கைப்பிடி எடைகூட இல்லாத உயிர். நடுவில் எத்தனை சுவர், எத்தனை மாடி, ஒரு ஆறு. எல்லாம் அதற்குக் கண்ணாடி. நான் துடைத்துத் துடைத்துச் செய்கிற வேலையை அது உள்ளேயே செய்துவைத்திருக்கிறது. கும்பிடத் தோன்றியது. கூடவே பொறாமையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். "உன் கழுத்தத் திருகச் சொன்னவன்டா அவன்," என்று அதனிடம் சொன்னேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

துடைப்பதற்காக முன் பலகையை எடுக்கும்போதெல்லாம் அது வெளியே வராது. திறந்த பக்கத்தை ஒரு பார்வை பார்க்கும், தன் மூலையிலேயே நிற்கும். ஒருமுறை அடிபட்ட பயம், கண்ணாடி எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று அதற்குத் தெரியவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என் கண்ணாடி அப்படிப்பட்டது என்று ஒரு பெருமை வேறு. கண்ணாடிக்காரனுக்குத்தான் இப்படி ஒரு மடத்தனம் வரும். கட்டு அவிழ்த்து, அது சிறகை உடம்போடு ஒட்டி மடக்கப் பழகிய பிறகும் நான் அதே நினைப்பில் இருந்தேன். ஒரு காலையில் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடவும் போய்ப் பேசிவிட்டு வந்தேன். பின்கதவு திறந்திருந்தது. கண்ணாடி வீடு காலி.

பறக்க முடியாத புறா, தெருவெல்லாம் நாயும் பூனையும் வண்டியும். பக்கத்துச் சந்து, குப்பைத் தொட்டி, வண்டிகளுக்கு அடி எல்லாம் தேடினேன். என் மனைவி ஆபீசிலிருந்து ஓடிவந்தாள்.

"தொலைஞ்சாலும் உரிமை போகாதுங்க. யாரு எடுத்தாலும் அது நம்மளோடதுதான்."

"உன் சட்டத்தத் தூக்கிக் குப்பைல போடு," என்று நடுத்தெருவில் கத்தினேன். அவள் கண் கலங்கியிருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். வேறு சொல் கிடைக்காமல்தான் சட்டம் பேசியிருக்கிறாள்.

திசை தெரியும் என்பதால் அந்தத் திசையிலேயே தேடினோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பாலத்தின் ஏற்றத்தில் ரோட்டுக்குக் கோடு போடுகிறவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெயிண்டரிடம் கேட்டேன்.

"புறாவா? அதை ஏன் கேக்குறீங்க. நேத்து வேலை மெனக்கெட்டு நடந்து போச்சு சார். ஆபீசுக்குப் போற மாதிரி. பஸ் வந்தா ஓரமா நிக்குது, போனதும் நடக்குது. விரட்டிப் பாத்தேன், சுத்திக்கிட்டுப் போகுது." போட்ட கோட்டைக் காட்டினார். "ஈரத்துல மிதிச்சுட்டுப் போயிடுச்சு. மேஸ்திரி வந்தா திட்டுவார். ஆனா மறுபடி அடிக்க மனசு வரல."

வெள்ளைக் கோட்டில் மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே, சின்னச் சின்னக் காலடி. கோட்டைத் தாண்டிய பிறகும் கறுப்புத் தாரில் வெள்ளையாகக் கொஞ்ச தூரம் போனது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. நானும் அவளும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. துக்கமா என்று கேட்டால் இல்லை. அவ்வளவு பெரிய பாலத்தில் அவ்வளவு சின்னக் கால்.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் தேடினோம், காலடி அங்கே இல்லை. நாங்கள் நம்பிக்கையை விட்டுவிட்ட சமயத்தில் போன் வந்தது. கறிக்கடைக்காரர். பின்னால் கத்திச் சத்தம் இல்லை.

"சார், கொஞ்சம் வர முடியுமா? தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."

நான் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

கீழே கறிக்கடை, மேலே இரண்டு மாடி வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி. கடை நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, ஏப்ரனோடு வாசலில் நின்றார். பெரிய உருவம், என் தொடை மாதிரி கை. வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"நேத்துக் காலைல கடை திறக்க இறங்கி வர்றேன். படியில ஏறி வருது சார். ஒவ்வொரு படியா. குதிக்கும், விழும், மறுபடி குதிக்கும். விரலெல்லாம் வெள்ளை பெயிண்ட். வளையத்தப் பாத்தேன்." படியைக் கையால் காட்டினார். "நான் ஓரமா ஒதுங்கி வழி விட்டேன். என்னைத் தாண்டிப் போச்சு. பின்னாலேயே போனேன். மொட்டைமாடி வரைக்கும் தூக்கணும்னு தோணல. தொடவே பயமா இருந்துச்சு."

படியேறினோம். அவர் முன்னால் போனார், பாதியில் நின்று திரும்பினார்.

"இத்தனை வருஷத் தொழில்ல, நான் வெட்டச் சொன்ன எதுவும் என்னைத் தேடித் திரும்பி வந்தது இல்ல சார்."

மேலே மரப்பலகையில் வரிசை வரிசையாகப் புறாப் பொந்துகள். எல்லாவற்றிலும் புறா. மேல் வரிசையில் ஓரத்தில் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில், வழக்கு நின்றிருந்தது. இளைத்திருந்தது, வால் இறகு இரண்டு மூன்று இல்லை. தலையைச் சாய்த்து அந்தக் காலிப் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் கண்முன்னாலேயே ஒரு குதி குதித்தது, முழங்கால் உயரம்கூட வரவில்லை, விழுந்தது, எழுந்து இறகைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தது.

"நேத்துலேர்ந்து இதேதான். அதோட இடம் அது. வேற எதையும் அங்க விடணும்னு எனக்கு ஏனோ தோணல," என்றார் கறிக்கடைக்காரர்.

"தூக்கி வைக்க வேண்டியதுதானே," என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான் எப்படி சார் வைக்கிறது? வேண்டாம்னு வக்கீல் முன்னால ரெண்டு தடவ சொன்னவன். அது உங்களோடது. பெட்டியும் கொண்டு வந்திருக்கீங்க. எடுத்துட்டுப் போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். அந்தக் கழுத்துப் பச்சை எங்கள் பின்கட்டு வெயிலில் எப்படி ஓடும் என்பது எனக்குத்தான் தெரியும். என் மனைவியைப் பார்த்தேன். ஏதாவது ஒரு சட்டம் சொல்லி என்னைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தேன்.

"சட்டப்படி நம்மளோடதுதான்," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அதனால நீங்க என்ன செஞ்சாலும் செல்லும்," என்றாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன். குனிந்து அதைத் தூக்கினேன். என் கையில் இருந்தது இவ்வளவுதானா என்று தோன்றும் எடை. உள்ளே இதயம் கை முழுக்க அடித்தது. அது என்னைப் பார்க்கவில்லை, மேலேதான் பார்த்தது. எம்பி, கையை நீட்டி, காலிப் பொந்தின் விளிம்பில் வைத்தேன். அது உள்ளே நடந்தது, ஒரு முறை முழுதாகச் சுற்றிப் பார்த்தது, முகத்தை வெளியே வைத்து உட்கார்ந்தது. நெஞ்சு இறகு பரந்து விளிம்பை மூடியது. செங்கல் நிறக் கண் மெல்ல மூடியது. எங்கள் வீட்டில் அது உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம்.

கடைசியில் கறிக்கடைக்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"சார், உங்க புறாவுக்கு நான் தீனி போடலாமா?"